அப்பாவின் ஜன்னலில் நின்ற எருமை

ஈரோட்டில் ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே போனால் வருமே செண்பகா நகர், அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ரேணுகாதேவி என்கிறவள், செத்துப்போன அம்மாவின் பெயரிலேயே இன்னமும் ஓடிக்கொண்டிருந்த கேஸ் இணைப்பை அப்பாவின் பெயருக்கு மாற்றுகிற வேலையை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு, கோலமாவு டப்பாவோடு கதவைத் திறந்தாள். வாசலில் ஓர் எருமைக்கன்று நின்றுகொண்டிருந்தது. ஈர மூக்கு, பூளை தள்ளிய கண், முதுகில் ஏதோ பேருக்கு நாலு முடி. யாராவது தேடிக்கொண்டு வருவார்கள் என்று அதன் காலைச் சுற்றியே கோலத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மத்தியானம் பல் டாக்டருக்கு ஃபோன் பண்ணுவதை அப்புறம் என்று தள்ளினாள், இன்னொன்று வந்தது. சாயங்காலம் பெட்ஷீட் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய பார்டர் டிசைனை அப்புறம் என்று தள்ளினாள், மூன்றாவது வந்து மற்ற இரண்டின் மேல் சாய்ந்துகொண்டது. அந்த வாரம் முடிவதற்குள் அந்தத் தெருவில் ஸ்கூட்டர் திருப்ப இடமில்லாமல் போயிற்று.

செண்பகா நகர்க்காரர்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளக்கிற ஆட்கள் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிற ஊரில் மனுசனுக்கு அதிசயப்பட ஏது நேரம்? யார் வீட்டு மாடு, யார் சாணி அள்ளுவது, இந்த இரண்டு கேள்விதான் அவர்களுக்கு. விடை தானாகவே வந்தது. கரண்ட் பில் கட்டவில்லையென்று ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்து நிற்கும்போது ரேணுகா அடித்துப்பிடித்து ஃபோனிலேயே பணத்தைக் கட்ட, அந்த நிமிஷம், எதிர்வீட்டு டீக்கடைச் சரோஜினியின் செம்பருத்தியைத் தின்றுகொண்டிருந்த ஓர் எருமை இல்லாமல் போயிற்று. பாதி மென்ற இலை மட்டும் தரையில் விழுந்தது. சரோஜினி இடுப்பில் கைவைத்து அந்த இலையைப் பார்த்தாள், ரேணுகாவைப் பார்த்தாள். "அட, இது உன்ற கரண்ட் பில்லா," என்றாள். அவ்வளவுதான், தெருவுக்கே விளங்கிப்போயிற்று.

இந்த இடத்தில் ரேணுகாவின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். வேலையைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஊரில் இல்லாமலா? ஆனால் அவர்கள் தள்ளிப்போட்டதெல்லாம் அலமாரிக்குள்ளேயும் மனசுக்குள்ளேயும் கிடக்கும், விருந்தாளி வந்தால் ஒரு கதவைச் சாத்திவிட்டால் முடிந்தது. இவளுடையது தெருவில் நின்று அசைபோட்டது. போகிறவர் வருகிறவர் எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் "இவளோட குடும்பம் நடத்த முடியாது, அடுப்புல பால வெச்சிட்டு மொட்டை மாடிக்குப் போயிடறா" என்று மாமியார் வீட்டில் திருப்பி அனுப்பியபோதுகூட அவள் இவ்வளவு குறுகிப்போனதில்லை. பள்ளிக்கூடத்தில் அவளை எருமை என்று கூப்பிடாத வாத்தியார் கிடையாது; இப்போது அவள் எருமைகளுக்கு நடுவில் பால் பாக்கெட் வாங்கப் போய்வந்தாள், தலையைக் குனிந்தபடி, ஒவ்வொன்றும் தன்னைத் திரும்பிப் பார்க்கிறதென்று தெரிந்தபடி. எது எந்த வேலை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் போனாலே போதும், ஆ, இது பல் டாக்டர், இது சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போகாததற்குச் சமாதானம் சொல்ல வேண்டிய ஃபோன் என்று புரிந்துவிடும். நாள்பட நாள்பட அவை வளர்ந்தன. முட்டவில்லை, கத்தவில்லை. பார்த்தன, அவ்வளவுதான்.

நகர் நலச் சங்கத்துச் செயலாளர் குழந்தைவேல் ஒரு கூட்டம் போட்டார். ரேணுகாவை நடுவில் நிற்கவைத்து, "ஏம்மா, ஒவ்வொண்ணா முடிச்சுத் தொலைச்சா என்ன, என்ன கஷ்டம் உனக்கு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவளும் முப்பத்தெட்டு வருஷமாக அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். செய்ய வேண்டும் என்று தெரியும், செய்யவும் ஆசைதான். ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கிறது, சாவி இருக்கிறது, ஆனால் உதைத்தால் கிளம்பாது. அதை எப்படிச் சங்கத்துக்கு விளக்குவது? "செஞ்சர்றேனுங்க," என்றாள். அவள் சொல்லி முடிக்கும் முன்னால் சங்கக் கட்டடத்தின் வாசலில் ஒரு புதுக் கன்று வந்து நின்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. பெரிதாகிவிட்ட ஓர் எருமையின் மடி கனத்துக் கிடப்பதைப் பார்த்துப் பாவப்பட்டு, சரோஜினி ஒரு சொம்பை வைத்துக் கறந்தாள். கறந்த பாலைக் காய்ச்சினால் ஆடை விரல் தடிமனுக்குப் படிந்தது. டீ போட்டாள், குடித்தவர்கள் இன்னொரு டீ கேட்டார்கள். அந்த மாதத்திலிருந்து செண்பகா நகரில் பாக்கெட் பால் வாங்குவாரில்லை. பிள்ளைகளுக்குக் கன்னம் பூரித்தது, தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைந்தது, கோயில் பொங்கலுக்கு நெய் அங்கேயே உருக்கினார்கள். எருமைகளுக்குத் தகரக் கொட்டகை வந்தது, முறைவைத்துத் தவிடு வந்தது. ரேணுகாவை ஜாடைமாடையாகப் பேசிக்கொண்டிருந்த பெண்கள் இப்போது வழியில் நிறுத்தி, "சாப்பிட்டியா கண்ணு? அவசரப்பட்டு ஒண்ணும் செய்யாத, உடம்பப் பாத்துக்க," என்றார்கள். சங்கத்து ஆண்டுவிழாவில் அவளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். பின்னால் ஃப்ளெக்ஸ் பேனரில் அவள் முகம், பக்கத்தில் ஓர் எருமையின் முகம், கீழே 'செண்பகா நகரின் பால் வள்ளல்'. திட்டுகிறவர்கள் முன்னால் நிற்பதே மேல் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பொன்னாடை கழுத்தில் அரிக்க அரிக்க நின்றாள். முதல் வரிசையில் அவள் அப்பா நாச்சிமுத்து, மைக்கில் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு எழுத்துகூடக் கேட்காமல், மற்றவர்கள் கை தட்டும்போது பார்த்துப் பார்த்துத் தானும் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காதுதான் கதை.

நாச்சிமுத்து நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில் இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற மிஷின் ஒன்று இருந்தவரைக்கும் அவருக்குக் குறையில்லை. பாட்டுக் கேட்பார், டீக்கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார், நியூஸ் வாசிக்கிறவர்களோடு சண்டை போடுவார். ஐப்பசி மழையில் ஒரு நாள் நனைந்து வந்தார், மிஷின் நின்றுபோயிற்று. "நான் குடுத்துச் சரி பண்ணித் தர்றேம்பா," என்று ரேணுகா அதைக் கைப்பைக்குள் ஜிப் போட்ட அறையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் போனாள், கடை விடுமுறை. அதற்கு அடுத்த நாள் வேறு வேலை. அப்புறம், அப்புறம் என்று கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. அப்பா கேட்டபோது, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'கம்பெனிக்கு அனுப்பியிருக்கு, வரும்' என்று எழுதிக் காட்டினாள். வாசித்துவிட்டு, "போச்சாது உடு அம்மணி, வரும்போது வரட்டும்," என்றார். அவர் நம்பினார் என்பதுதான் அவளை முடித்துவிட்டது. திட்டியிருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பாளோ என்னமோ. ஒரு வாரம் தாமதமானால் ஒரு காரணம் சொல்லலாம், ஒரு மாசமானால் ஒரு பொய் சொல்லலாம், அதற்கு மேலே போனால் அந்த ஜிப்பைத் திறக்கவே முடியாது. கடைசியில் அந்தப் பையைப் பீரோ மேல் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பை வாங்கிக்கொண்டாள். இதைவிட வெட்கங்கெட்ட காரியத்தை ஒரு மனுஷி செய்ய முடியுமா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்வாள், கேட்டுக்கொண்டே புதுப் பையை மாட்டிக்கொண்டு வெளியே போவாள்.

அந்த வேலைக்கு வந்த எருமை தெருவில் நிற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், அப்பாவின் கட்டிலுக்கு நேரே இருக்கும் ஜன்னலடியில் வந்து நின்றது. மற்றதெல்லாவற்றையும்விடப் பெரியதாக, ஜன்னலின் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு வளர்ந்தது. அதன் மடியில் ஒரு சொட்டுப் பால் கிடையாது, அதனால் ஊரார் அதைச் சீந்தவில்லை. அப்பா மட்டும் சீந்தினார். யாரோடும் பேச முடியாமல் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டவர், ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி அதன் நெற்றியைச் சொறிந்துகொடுப்பார், வாழைப்பழம் தின்றால் தோலை அதற்குக் கொடுப்பார், வெயில் நாளில் ஒரு போகணி தண்ணீரை அதன் தலையில் ஊற்றுவார். மனுஷர்களிடம் முதலில் சத்தம் போட்டுப் பேசிப் பார்த்தார், பிறகு எதைக் கேட்டாலும் 'ஆங்?' என்றார், பிறகு அதையும் விட்டுவிட்டு யார் என்ன சொன்னாலும் சிரித்தபடி தலையாட்டப் பழகிக்கொண்டார். தன் காது கேளாமையைத் தானே தீனி போட்டு வளர்க்கிறார் என்று அவருக்குத் தெரியாது. சமையற்கட்டிலிருந்து ரேணுகா அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரும்பி அரிசி களைவாள்.

கோயம்புத்தூரில் ஒரு மனநல டாக்டர் ரேணுகாவை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேள்வி கேட்டு, இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர், பிறவியிலேயே மூளை வேலை செய்கிற விதம் அப்படி, சோம்பேறித்தனம் இல்லை என்று சொன்னார். மாத்திரை கொடுத்தார். மாத்திரை ஒரு பக்கம், கூட இருந்து பழக்கிவிட ஒரு லைஃப் கோச் ஒரு பக்கம் என்று நஸீமாவின் நம்பரையும் கொடுத்தார். அந்த நம்பரைக் கூப்பிடுவதைத் தள்ளிப்போட்டதில் ஒரு எருமை வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தெருவில் விஷயம் தெரிந்தபோது, "ஏதோ நாலெழுத்து வியாதியாம்" என்றார்கள், "அதுக்கு ஒரு டீச்சரம்மா வர்றாளாம், ஹோம்வொர்க் செய்யவைக்க" என்றார்கள்.

நஸீமா ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினாள். இருபத்தொன்பது வயசு, ரேணுகாவைவிட நன்றாகச் சின்னவள். அது வேறு ரேணுகாவுக்குக் கூச்சமாக இருந்தது. எருமைகளுக்கு நடுவில் "கொஞ்சம் தள்ளு, கொஞ்சம் தள்ளு" என்று சொல்லிக்கொண்டே வந்து, சுடிதாரில் ஒட்டிய சாணியைச் செங்கல்லில் தேய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எருமையா?" என்றாள். "எனக்குத் தண்ணி, அக்கா. வேலையத் தள்ளிப்போட்டா வீட்டுக்குள்ள கணுக்கால் வரைக்கும் ஏறிடும். எங்க அம்மா கட்டிலுக்கு அடியில செங்கல் வெச்சு உசத்தி வெச்சிருக்காங்க."

ரேணுகா அவள் காலைப் பார்த்தாள். "இப்பவும் ஏறுமா?"

"போன வாரம்கூட ஏறுச்சு. சரி, இதுல ரொம்பச் சின்னது எது?"

ரேணுகா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஒரு கன்றைக் காட்டினாள். சரோஜினி பலகாரம் வைத்துக் கொடுத்த கிண்ணம், கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

"சரி, கழுவுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்," என்று நஸீமா பையிலிருந்து துப்பட்டாவையும் ஊசியையும் எடுத்து, பிரிந்துபோன ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தாள். அதுதான் அவள் வைத்தியம். புத்தி சொல்லவில்லை, பாராட்டவில்லை, அட்டவணை போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தாள், இவள் இவளுடைய வேலையைப் பார்க்க வேண்டும். என்ன மாயமோ, ஓர் ஆள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் ரேணுகாவின் கை நகர்ந்தது. கிண்ணத்தைக் கழுவி, எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் கன்று இல்லை. ரேணுகா படியில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் இல்லை. ஒரு கிண்ணம் கழுவ ஒருத்தி கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வர வேண்டியிருக்கிறதே என்றுதான். நஸீமா அவளை அழ விட்டுவிட்டு, நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள்.

சனிக்கிழமை சனிக்கிழமையாகக் கொட்டகை காலியாகிக்கொண்டு வந்தது. பல் டாக்டர் போயிற்று, கேஸ் இணைப்பு போயிற்று, சித்தப்பா மகள் போனாள். பால் குறைந்தது. சரோஜினியின் டீ தண்ணீராயிற்று. நஸீமா தெருவில் நடந்துவந்தால் ஒருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை. குழந்தைவேல் ஒரு நாள் வெள்ளை வேட்டியோடு வந்து, காப்பி குடித்துவிட்டு, சுற்றி வளைத்துச் சொன்னார். "நீ முன்னேறணும் பாப்பா, அதுல எங்களுக்கு என்ன வருத்தம்? ஆனா எல்லாத்தையும் ஒரேயடியா முடிச்சுராத. நாலஞ்ச மட்டும் உட்டுவை. பச்சக் குழந்தைகளெல்லாம் இந்தப் பாலுக்குப் பழகிருச்சு." ரேணுகா தலையாட்டினாள். அவளுடைய வாசலை ஊரே இத்தனை நாளாகச் சுற்றிச் சுற்றி வந்தது அவள் மேலிருந்த பிரியத்தினால் இல்லை என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை இன்னொரு தடவை வேட்டி கட்டி வந்து சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஜன்னலடியில் நின்ற அதை அவள் நஸீமாவிடம் காட்டவே இல்லை. முதல் நாளே, "அது?" என்று நஸீமா கேட்டாள். "அது நெசமான எருமைங்க, அப்பா ஆசைப்பட்டு வாங்கினது," என்று சொல்லிவிட்டாள். எதையும் மறைக்க வேண்டாத ஆள் என்று ஒருத்தி வந்தாள், அவளிடமே மறைத்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கன்று போகும், ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பொய் இன்னும் கொஞ்சம் கெட்டிப்படும்.

அப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை நஸீமா அப்பாவின் அறைக்குள் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டீங்களாய்யா?" என்றாள். அவர் சிரித்துத் தலையாட்டினார். "என்ன குழம்பு?" என்றாள். அதற்கும் சிரித்துத் தலையாட்டினார். நஸீமா கூடத்துக்கு வந்தாள்.

"அக்கா, அவருக்குக் காது மிஷின் எதுவும் கிடையாதா?"

"இருக்கு. கம்பெனிக்கு அனுப்பியிருக்கு," என்றாள் ரேணுகா.

அவள் அந்த வார்த்தையைச் சொன்ன மாத்திரத்தில், இருவர் கண்ணுக்கும் முன்னால், அறைக் கதவு வழியே தெரிந்த ஜன்னலில் நின்ற எருமை ஒரு முழம் வளர்ந்தது. கொம்பு ஓட்டு விளிம்பில் இடித்து ஓர் ஓடு கீழே விழுந்து உடைந்தது. அப்பா திரும்பவில்லை, அவருக்குக் கேட்கவில்லை. நஸீமா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். 

ரேணுகா சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஐப்பசி மழையிலிருந்து புதுக் கைப்பை வரைக்கும். "இத உங்ககிட்டச் சொன்னா, இவ மனுஷியே இல்லைன்னு நீங்க வராம போயிடுவீங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு இது கஷ்டமாத்தான் இருக்கு," என்றாள் நஸீமா. "நீங்க பொய் சொன்னதும் கஷ்டமா இருக்கு. ஆனா அடுத்த சனிக்கிழமையும் வருவேன். இன்னைக்கு மிஷினைச் சரி பண்ண வேண்டாம். பையை மட்டும் பீரோ மேல இருந்து எடுத்து மேசையில வையுங்க."

அந்த ஒன்று ஆகவில்லை. சாப்பாட்டு நேரம் போயிற்று, காப்பி நேரம் போயிற்று, ரேணுகா பீரோவுக்கு முன்னால் நின்றவள் நின்றபடியே இருந்தாள். பிறகு சட்டென்று திரும்பி அப்பாவின் அறைக்குப் போனாள். ஜன்னலை அடைத்துக்கொண்டு எருமை நிற்க, இருட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்த அந்த மனுஷனுக்கு நேரே நின்று, "அப்பா, நான் அனுப்பவே இல்லப்பா. பைக்குள்ளயே கெடக்குது. பொய் சொல்லிட்டேன்," என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். அவர் அவள் வாய் அசைவதை அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சிரித்து, தலையாட்டி, "இந்தா, அதுக்குக் குடு," என்று பழத்தோலை அவள் கையில் கொடுத்தார்.

அவளுக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. சொல்லியாயிற்று, திட்டும் விழவில்லை. கேட்க முடியாதவரிடம் சொல்லிவிட்டு மனசு லேசாகிறதே, சீ, என்ன ஜென்மம் நான் என்று அடுத்த மூச்சிலேயே நினைத்துக்கொண்டாள். தோலை எருமைக்குக் கொடுத்தாள். அது வாங்கித் தின்றது. ஒரு மயிரளவும் குறையவில்லை. ஆனால் அந்தக் கூச்சத்தோடே நேரே போய் நாற்காலி போட்டு ஏறிப் பையை எடுத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மிஷின் கடைக்கு நஸீமாவும் கூட வந்தாள். பஸ்ஸில் ரேணுகா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கடைக்காரர் மிஷினைத் திருப்பிப் பார்த்தார், மூடியைக் கழற்றினார், பஞ்சில் ஏதோ தொட்டு உள்ளே இருந்த துருவைத் துடைத்தார், புது பேட்டரி போட்டுத் தன் காதில் வைத்துப் பார்த்தார். "சரியாயிருச்சுங்க." அவர் பாதியில் வைத்துவிட்டு வந்த டீ இன்னும் ஆறியிருக்கவில்லை. ரேணுகா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய ரிப்பேராக இருந்திருக்கக் கூடாதா, பெங்களூருக்கு அனுப்ப வேண்டும், மாசக்கணக்காகும் என்று அவர் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. அப்பா ஒரு வருஷத்தில் பாதியைப் பறிகொடுத்தது இந்த டீ ஆறுகிற நேரத்துக்காகவா? நஸீமா அவள் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஜன்னலில் கையை நீட்டி எருமையின் நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தார். நஸீமா கூடத்திலேயே நின்றுவிட்டாள். ரேணுகா பின்னாலிருந்து போய் மிஷினை அவர் காதில் மாட்டினாள். வெளியே எருமை இல்லை. அத்தனை நாளாக மறைந்திருந்த வெயில் அப்படியே கட்டில் மேல் வந்து விழுந்தது. அப்பாவின் கை மட்டும் சொறிகிற வாக்கில் கம்பிக்கு வெளியே நின்றது. அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். எருமை எதனால் வரும், எதனால் போகும் என்று தெரியாத ஆள் செண்பகா நகரில் கிடையாது. காது கேளாதவருக்கும் கண் இருந்ததல்லவா.

"கம்பெனியிலிருந்து வந்துருச்சா?" என்று கேட்டார்.

'ஆமாப்பா' என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் முடிந்தது, அவரும் அதற்குமேல் கேட்கிற ஆளில்லை. ரேணுகா வெறும் ஜன்னலைப் பார்த்தாள். "அது... அப்புறம் சொல்றேம்பா," என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே, காலியான இடத்தில், அப்போதுதான் பிறந்த மாதிரி கால் தள்ளாடத் தள்ளாட ஒரு கன்று நின்றது. நின்று கத்தியது. நாச்சிமுத்து இத்தனை மாசத்துக்கு அப்புறம் காதால் கேட்ட முதல் பெரிய சத்தம் அது. அவர் கன்றைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கட்டிலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

அவள் உட்கார்ந்தாள். இந்தத் தடவை குரல் எழும்பவில்லை, எழும்ப வேண்டிய தேவையும் இல்லை. அவள் முணுமுணுத்ததெல்லாம் அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. மழை, பை, கடை விடுமுறை, காலண்டர் தாள், புதுப் பை. சொல்லச் சொல்ல அவளுக்குக் காது மடல் எரிந்தது. நடுவில் கன்று எப்போது போயிற்றென்று இருவருமே பார்க்கவில்லை.

அவர் கட்டில் மேல் விழுந்த வெயிலைக் கையால் தடவினார்.

"அய்யாவு இருந்தானல்ல," என்றார். "மில்லுல என்ற பக்கத்து மிஷின்காரன். நீ சின்னதுல அவன் தோள்ல ஏறி ஆடுவியே. மாசி மாசம் அவனுக்கு முடியலைன்னு பாக்கப் போனனல்ல. என்ற கையப் புடிச்சுட்டு என்னமோ சொன்னான். ரொம்ப நேரம் சொன்னான். கண்ணுல தண்ணி உட்டுட்டுச் சொன்னான். நான் சிரிச்சுட்டே தலையாட்டிட்டு வந்தேன். மூணாம் நாள் போயிட்டான்."

ரேணுகா அந்தக் கையைப் பார்த்தாள்.

"என்ன கேட்டானோ. எதுக்கு நான் சரின்னனோ."

அவள் தன்னையறியாமல் ஜன்னலைப் பார்த்தாள். எதுவும் வந்து நிற்கவில்லை. என்றைக்காவது செய்து முடிக்கக்கூடிய வேலைக்குத்தானே எருமை வரும். அங்கே வெறும் தரை இருந்தது, ஒரு குளம்புத் தடமும் காய்ந்த வாழைத்தோலும் கிடந்தன. அந்த வெறுந்தரையைப் பார்ப்பதற்கு, தெருவடைக்க எருமைகள் நின்றபோது பார்த்ததைவிட அவளுக்குப் பயமாக இருந்தது.

"என்னை மன்னிச்சிருங்கப்பா," என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

நாச்சிமுத்து காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார். கழற்றப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் மிஷினை அழுத்தி இன்னும் சரியாக உட்காரவைத்துக்கொண்டார்.

"கேக்குது அம்மணி," என்றார்.

 அவள் எழுந்து போகவில்லை.